செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் பைக் பாக்கற உயரமான பசங்களுக்கு: "ரெண்டு காலும் பதியுது பாருங்க"ன்னு சொன்னா உஷாராயிருங்க

கோயமுத்தூர் சைடு செகண்ட் ஹேண்ட்ல ஸ்போர்ட்ஸ் பைக் தேடிட்டு இருக்கீங்க, ஆள் ஆறடிக்கு மேல, கியர் வண்டி இப்பத்தான் பழகறீங்கன்னா இத முழுசா படிச்சிருங்க. புதுசா ஓட்டறவனுக்கு வண்டி சாஞ்சிருமோன்னு ஒரு பயம் இருக்கும்ல, அந்த பயத்த புடிச்சே எங்கிட்ட ஒரு வண்டிய தள்ளி விட்டுட்டாங்க.

நான் 6 அடி 2 அங்குலம். வீட்ல அம்மாவோட ஸ்கூட்டிய தவிர வேற எதையும் உருப்படியா ஓட்டுனதில்ல. கடையில காட்டுனது யமஹா ஆர்15 வி3, 2019 மாடல், டூயல் சேனல் ஏபிஎஸ் (பிரேக் புடிச்சா ரெண்டு வீலும் லாக் ஆகாம பாத்துக்கறது), மீட்டர்ல 21 ஆயிரம் கிலோமீட்டர், ஒரே ஓனர், வெல 1 லட்சத்து 15 ஆயிரம். போனதும் டாக்குமென்ட் பேச்சே இல்ல, மொதல்ல ஏறி உக்காருங்க தம்பின்னுட்டாங்க. உக்காந்தா ரெண்டு பாதமும் தரையில அப்படியே பதியுது, முட்டி நல்லா மடங்கி இருக்குது. "பாத்தீங்களா, கத்துக்கறவங்களுக்கு இத விட சேஃப்பான வண்டி கெடையாது, உங்க ஹைட்டுக்கு அளவெடுத்த மாதிரி இருக்குது"ன்னு கடைக்காரர் சொல்றாரு, பக்கத்துல இருந்த பையன் ஆமாங்கண்ணாங்கறான்.

இங்க தான் விஷயமே இருக்கு. ஆர்15 வி3 கம்பெனில இருந்து வர்றப்ப சீட் உயரம் 815 மிமீ. கவாசாகி நிஞ்சா 300 அத விட கம்மி, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு 810 மிமீ, பழைய கேடிஎம் ஆர்சி 390-க்கு 820 மிமீ. ஆறடி ரெண்டங்குலம் இருக்கறவனுக்கு இதுல எதுலயுமே கால் எட்டாம போகாது, அதனால கால் எட்டுதாங்கற கேள்வி நம்மளுக்கு தேவையே இல்ல. நம்மளுக்கு பிரச்சினை வர்ற எடம் வேற: சீட்டுக்கும் ஃபுட் பெக்குக்கும் (ஓட்டறப்ப கால் வெக்கற கட்டை) நடுவுல எவ்வளவு கேப் இருக்குது, பெக்ல கால தூக்கி வெச்சா முட்டி டேங்க் பள்ளத்துல உக்காருதா இல்ல அதுக்கு மேல துருத்திட்டு நிக்குதா, ஹேண்டில முழுசா திருப்புனா முட்டில இடிக்குதா. இத பாக்கணும்னா யாராச்சும் பின்னாடி இருந்து வண்டிய நிமிர்த்தி புடிச்சுக்க, நீங்க ரெண்டு காலையும் பெக்ல வெச்சு அஞ்சு நிமிஷம் குனிஞ்சு உக்காந்திருக்கணும். எந்த கடைக்காரரும் அவராவே இத செய்ய சொல்ல மாட்டாரு.

டெஸ்ட் ரைடுன்னு குடுத்தது தெரு முனை வரைக்கும், அதுவும் பையன் பின்னாடி ஏறிக்கிட்டான், "நீங்க புதுசுல்லங்கண்ணா, சேஃப்டிக்கு" அப்படின்னு. நான் போறப்பவே எஞ்சின் சூடா இருந்துச்சு, இப்பத்தான் இன்னொருத்தர் ஓட்டி பாத்துட்டு போனாருன்னாங்க. சாயங்காலம் வேற பார்ட்டி வருதுன்னு சொல்லி 10 ஆயிரம் அட்வான்ஸ் வாங்குனாங்க, பில்லு கீழ சின்ன எழுத்துல அட்வான்ஸ் திருப்பி தரப்படாது.

வண்டி வீட்டுக்கு வந்தப்புறம் தெரிஞ்சுது. ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவா ஏறுனாலும் அடி உரசும். மெதுவா போறப்ப ஹேண்டில் அதுவா ஒரு பக்கம் விழுகற மாதிரி இழுக்கும். அரை மணி நேரம் ஓட்டுனா மணிக்கட்டு செத்துரும், முட்டி மடங்கியே இருந்து எறங்கறப்ப நேரா நிக்க முடியாது. ஒரு நாள் ஹோப் காலேஜ் பக்கத்துல யூ டர்ன் போடறேன், ஹேண்டில் முனை முட்டில போய் முட்டிக்கிச்சு, மேல திரும்ப மாட்டேங்குது, கட்டை வெரல் டேங்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல மாட்டிருச்சு, பின்னாடி பஸ்காரன் ஹாரன்ல கைய எடுக்கவே இல்ல. அப்படியே வண்டியோட சாஞ்சேன். நல்ல வேளை, முழங்கை தோலோட போச்சு.

தெரிஞ்ச மெக்கானிக் அண்ணா ஒருத்தர் கிட்ட கொண்டு போனேன். அவரு வண்டிய ஸ்டார்ட் கூட பண்ணல. மொதல்ல சைடு ஸ்டாண்ட பாத்தாரு. நடுவுல வெல்டிங் தழும்பு, மேல கருப்பு பெயின்ட். "தம்பி, இந்த ஸ்டாண்ட வெட்டி ஒட்டிருக்காங்க, வண்டி உயரத்தயே எறக்கிருக்காங்க"ன்னாரு. அப்புறம் ஒவ்வொண்ணா காட்டுனாரு. முன்னாடி ஃபோர்க் (முன் வீல தாங்கற ஷாக்) குழாய் ரெண்டும் மேல் கிளாம்புக்கு மேல ஒரு வெரல் அளவு நீட்டிட்டு இருக்கு. பின்னாடி மோனோ ஷாக்குக்கு (பின் வீலோட ஒத்த ஷாக் அப்சார்பர்) கீழ இருக்கற லிங்க் பிளேட் கம்பெனியோடது இல்ல, லேத்துல அடிச்ச நீளமான பிளேட். சீட் கவர உரிச்சா ஃபோம்ம கத்தியில சீவி எடுத்திருக்காங்க. ஆக எவனோ உயரம் கம்மியான ஒருத்தனுக்காக மொத்த வண்டியையும் தாழ்த்தி வெச்சிருக்கு. ஃபோம் சீவுனதுல சீட் பெக்க பாத்து எறங்கிருச்சு, அப்ப முட்டி மடங்காம என்ன பண்ணும்? அத தான் என் ஹைட்டுக்கு அளவெடுத்த வண்டின்னு எங்கிட்டயே வித்திருக்காங்க.

அதோட விட்டிருந்தா பரவால்ல. ஆயில் மாத்தலாம்னு கீழ படுத்தவரு ட்ரெயின் போல்ட்ட (ஆயில் வடிய விடற போல்ட்) கழட்டி கையில குடுத்தாரு, போல்ட் தலையில குறுக்கால ஒரு குட்டி ஓட்டை. ரேஸ் ட்ராக்ல ஆயில் போல்ட் கழண்டு விழுகாம இருக்க கம்பி கட்டுவாங்க, அதுக்கு போடற ஓட்டை அது. நம்ம செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கம் சுத்தறவங்களுக்கு இது தெரியும். ட்ராக்ல ஓட்டறது தப்பில்ல, சொல்லாம விக்கறது தான் தப்பு. அப்புறம் டார்ச் அடிச்சு ஸ்டியரிங் கழுத்துல காட்டுனாரு. ஹேண்டில் முழுசா திரும்பறப்ப போய் நிக்கற ஸ்டாப்பர் ஒரு பக்கம் நசுங்கி, அதுக்கு மேல புது பெயின்ட். பலமா விழுந்திருக்குன்னு அர்த்தம். ஃபேரிங் (வண்டிய மூடியிருக்கற பிளாஸ்டிக் பாடி) பளபளன்னு இருந்ததுக்கும் காரணம் அதான், டூப்ளிகேட் பேனல், உள் பக்கம் கம்பெனி முத்திரை எதுவுமில்ல.

ஆக ஒருத்தன் ட்ராக்ல ஓட்டிருக்கான், இன்னொருத்தன் தாழ்த்தி ஓட்டிருக்கான், ஆனா ஆர்சி புக்ல ஒரே பேரு. எப்படின்னா யாருமே பேர் மாத்தல. ஆர்சி புக்ல இருந்த ஆள எப்படியோ புடிச்சு பேசுனா, அவரு வண்டிய வித்து வருஷக் கணக்காச்சாம், பேர் மாத்தற ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து மட்டும் போட்டு குடுத்தாராம், அது கை மாறி கை மாறி கடைக்கு வந்திருக்கு. ஹெச்பி (வண்டி மேல இருக்கற லோன் பதிவு) வேற கேன்சல் ஆகாம கெடக்கு, அதுக்கு பேங்க் குடுக்கற என்ஓசி-யும் (ஆட்சேபணை இல்லைங்கற கடிதம்) ஃபார்ம் 35-உம் வேணும். சேசிஸ் நம்பர குடுத்து ஆதரைஸ்டு சர்வீஸ்ல கேட்டா கடைசி என்ட்ரி 34 ஆயிரம் கிலோமீட்டர். மீட்டர்ல 21.

கடையில போய் கேட்டேன். "உக்காந்து பாத்து தானங்க எடுத்தீங்க, லோயரிங் பண்ணுனது எக்ஸ்ட்ரா ஃபிட்டிங், அதுக்கு நாங்க காசு கூட வாங்கல"ன்னாரு. சத்தியமா இப்படித்தான் சொன்னாரு, அந்த தைரியத்த பாராட்டித்தான் ஆகணும். லிங்க், சீட், ஃபோர்க் எல்லாம் பழைய நெலமைக்கு கொண்டு வர 19 ஆயிரம் ஆச்சு. உயரம் சரியானதும் வெட்டுன சைடு ஸ்டாண்ட் பத்தாம வண்டி இடது பக்கம் கெடையா சாஞ்சு நின்னுச்சு, அதுக்கு தனியா ஒரு ஸ்டாண்ட்.

கடைக்கு போறவங்க மொதல்ல ஃபார்ம் 29பி (டீலர் அங்கீகார சான்று) இருக்கான்னு கேளுங்க. பழைய வண்டி வாங்கி விக்கற டீலர் ஆர்டிஓ கிட்ட அங்கீகாரம் வாங்கணும்னு 2023 ஏப்ரல்ல இருந்தே ரூல் இருக்கு, ஓனர் வண்டிய டீலர் கிட்ட விட்டா ஃபார்ம் 29சி-ல ஆன்லைன்ல தெரிவிக்கணும். இத கேட்டதுமே பாதி பேரு மொகம் மாறும். காலைல மொத ஆளா போங்க, சைலன்சர் கிட்ட கைய கொண்டு போய் பாருங்க, சூடா இருந்தா ஆறட்டும்னு உக்காருங்க, சூடான எஞ்சின்ல ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது. பரிவாஹன்னு அரசு வெப்சைட்ல ஹெச்பி, சலான், இன்சூரன்ஸ் எல்லாம் ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுரும். நாலாயிரம் அஞ்சாயிரம் கேட்டாலும் ஒரு மெக்கானிக்க கூட்டிட்டு போங்க, அவர உள்ள விட மாட்டேன்னா வண்டிய பாக்காமயே கெளம்பிருங்க.

என்ன வண்டி எடுக்கலாம்னு கேட்டா, ஃபேரிங் வண்டி தான் வேணும்னு நிக்கறவங்க ஆர்ஆர் 310-ல உக்காந்து பாருங்க, ஹேண்டில் கொஞ்சம் மேல இருக்கறதால மணிக்கட்டு தப்பிக்கும், ஆனா 2024-க்கு முந்தின மாடல்லயே 34 பிஎஸ் பவர், புதுசா ஓட்டறவங்க கைய நிதானமா முறுக்கணும். நிஞ்சா 300-ம் நிமிர்ந்து உக்கார்ற வண்டி தான், சீட் தான் நம்ம காலுக்கு தாழ்வு, ஸ்பேர் வெலையும் கேட்டுக்கங்க. ஒரிஜினல் உயரத்துல இருக்கற ஆர்15 கூட சிட்டிக்குள்ள சமாளிக்கலாம், இப்ப என் வண்டியே முன்ன மாதிரி முட்டிய கொல்லல. ஃபேரிங் மேல பைத்தியம் இல்லாதவங்க ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பக்கம் போயிருங்க, கால் நீட்டி உக்காரலாம்.

கடை பேர் கேட்டு யாரும் இன்பாக்ஸ் வராதீங்க. 1915-ல (தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்) கம்ப்ளெய்ன்ட் போட்டு அசையாததால மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு குடுத்திருக்கேன், அஞ்சு லட்சத்துக்குள்ள வாங்குன பொருளுக்கு ஃபீஸ் கூட கெடையாது. போல்ட், பழைய லிங்க் பிளேட், சர்வீஸ் ஹிஸ்டரி எல்லாம் பத்திரமா இருக்கு. கேஸ் முடியற வரைக்கும் பேர் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லிருக்காரு.