திருகோணமலையில் ஓர் ஆங்கில இலக்கண வகுப்பு: கற்பித்தல் நன்று, டியூட் (அச்சுப் பயிற்சித் தாள்) நன்றன்று

எட்டாம் தரத்தில் படிக்கும் என் மகளைத் திருகோணமலை நகரில் சனிக்கிழமைகளில் நடைபெறும் ஆங்கில இலக்கண வகுப்பொன்றில் கடந்த விடுமுறையில் சேர்த்தேன். நான்கு வகுப்புகளும் பெயரடைகளின் ஒப்புமை வடிவங்களைப் பற்றியவை. பெற்றோரும் பின்வரிசையில் அமரலாம் என்றதால் இரண்டுக்கு நானும் சென்றேன்.

முதல் நாள் ஆசிரியை விதி எதையும் எழுதாமல், பலகையில் ஏழு சதுரங்களை வரைந்து இது என்ன என்று கேட்டார். "கன்னியா வெந்நீர்க் கிணறுகள், டீச்சர்!" என்றான் ஒரு சிறுவன். எல்லாம் ஒரே சூடா என்ற அடுத்த கேள்விக்கு, அங்கே வாளியால் அள்ளிக் குளித்த பிள்ளைகள் ஆளுக்கொரு கிணற்றைச் சுட்டிக்காட்ட, அந்த வாக்குவாதத்திலிருந்தே 'ஹொட்', 'ஹொட்டர்', 'ஹொட்டெஸ்ட்' பிறந்தன. ஒற்றை உயிரெழுத்தை அடுத்து ஒற்றை மெய்யெழுத்தில் முடியும் இத்தகைய குறுஞ்சொல்லில் இறுதி எழுத்து இரட்டிக்கும் என்பதையும், 'கோல்ட்' (cold) என்பதன் இறுதியில் இரு மெய்கள் நிற்பதால் அங்கே இரட்டிக்காது என்பதையும் அதன் பிறகே சொன்னார்.

அதைவிட எனக்குப் பிடித்தது, தமிழோடு ஒப்பிட்டுக் காட்டிய விதம். 'காக்கையிற் கரிது களாம்பழம்' என்பதில் ஒப்புமையைக் காக்கையோடு ஒட்டிய வேற்றுமை உருபே தாங்குகிறது, 'கரிது' மாறுவதில்லை. இன்று 'விட' அந்த வேலையைச் செய்கிறது. ஆங்கிலத்திலோ பெயரடையே உருமாற வேண்டும், நீண்ட சொல்லாயின் அதற்கு முன்னால் 'மோர்' வர வேண்டும். 'இன்னும் நல்லது' என்று தமிழில் நினைத்து 'மோர் பெட்டர்' என்று எழுதும் பிள்ளைக்கு (என் மகளும் அப்படித்தான்), ஒரே வேலைக்கு இரண்டு பேரைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் விளங்கியது.

தனியாக 300 ரூபாய் வாங்கிக்கொண்டு தந்த அச்சு டியூட்டைப் பற்றி இப்படிச் சொல்ல முடியவில்லை. முதற்பயிற்சியின் தலைப்பிலேயே 'மோர் ஈஸியர்' என்று இருக்கிறது. நமது துறைமுகத்தைப் பற்றிய வாக்கியத்தில் 'ஒன் ஒஃப் த லார்ஜெஸ்ட்' என்று தொடங்கிவிட்டு, பன்மையில் வரவேண்டிய 'ஹார்பர்' ஒருமையில் நிற்கிறது. கொட்டியாரக் குடாவில் கடல் சேரும் 335 கிலோமீற்றர் நீள மகாவலியை இலங்கையின் மிக நீளமான ஆறு என்று கூறுமிடத்தில் 'லோங்கெஸ்ட்' என்பதற்கு முன் 'த' இல்லை. 'சீனியர்' என்பதற்குப் பின் 'டு' வரவேண்டிய இடத்தில் 'தேன்' (than) வந்திருக்கிறது. சுட்டிக்காட்டியபோது, "அது போன வருசம் அடிச்சது அண்ணா, இன்னும் நிறையக் கிடக்குது" என்றார் பணம் வாங்கும் தம்பி.

அடுத்த விடுமுறையில் மகனையும் இதே ஆசிரியையிடம் சேர்க்கவிருக்கிறேன். டியூட் வாங்கப் போவதில்லை.