கரையேறி நிற்கும் குர்சுரா

விசாகப்பட்டினம் போனால் ராமகிருஷ்ணா கடற்கரையில் நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுராவுக்குள் கட்டாயம் நுழைந்து பாருங்கள். சோவியத் யூனியனில் கட்டிய நீர்மூழ்கிக் கப்பல். 1969-ல் நம் கடற்படையில் சேர்ந்து 2001-ல் ஓய்வு பெற்றது, மறுவருடமே அருங்காட்சியகம் ஆகிவிட்டது. நீளம் 91 மீட்டர் என்றாலும் உள்ளே ஒருவர் ஒதுங்கினால்தான் இன்னொருவர் நகரலாம். வட்டக் கதவில் குனிய மறந்து நெற்றியில் நன்றாக வாங்கிக்கொண்டேன். அடுக்குப் படுக்கைகளைப் பார்த்த மாமியார், “ரயில் பெர்த்தே தேவலை மாப்பிள்ளை” என்றார். முட்டிவலிக்காரர்கள் யோசித்து ஏறுங்கள். திங்கட்கிழமை விடுமுறை. எதிரே டி.யு.142 என்ற பழைய கடற்படை விமானமும் உண்டு, அது சுமார்தான். அப்புறம், இந்தக் கடலில் இறங்காதீர்கள், இழுப்பு அதிகம். கால் நனைக்க ருஷிகொண்டா கடற்கரைக்குப் போனோம். மாமியார் அங்கிருந்து கிளம்பவே மறுத்துவிட்டார்.