அந்த மெயில் ஐடி யாருடையது?

போன வாரம் நைட் டியூட்டியில், மூன்று மணி மருந்தெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, ஜூனியர் ஒருத்தி ஒரு விசிட்டிங் கார்டை நீட்டினாள். "அக்கா, துபாய்க்கு இவங்க நல்லா பண்ணித் தர்றாங்களாம்." கம்பெனி பெயர் புதுசு. விலாசமும் புதுசு. செல் நம்பர் மட்டும் பழசு. அந்த நம்பருக்கு 2019இல் நான் எத்தனை தடவை அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் இவ்வளவு நாள் வெளியில் சொல்லக் கூச்சப்பட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் பி.எஸ்சி. நர்சிங். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலில் பதிவு செய்தேன். அந்த ஏப்ரலில் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து, 2018 ஜூலை வரை பதினாறு மாதம் வேலை பார்த்தேன். பாட்டிக்கு முடியாமல் போனதால் வேலையை விட்டேன். அடுத்த வருடம் துபாய் ஆசை வந்தது. உடன் படித்தவள் சொன்ன ஏஜென்ட் ஆபீசுக்கு அம்மாவும் நானும் போனோம்.

வாய்க்கு வாய் "சிஸ்டர்" என்றார் மனிதர். வார்டில்கூட யாரும் அத்தனை மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. மொத்தம் மூன்றரை லட்சம், அதில் முதல் தவணை ஒன்றே கால். அம்மாவின் நாலு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. "டேட்டாஃப்ளோ ஃபீஸ்" என்று தனியாக 55,000 வாங்கினார். நானே ஆன்லைனில் கட்டியிருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது என்று பிறகுதான் தெரிந்தது.

டேட்டாஃப்ளோ பற்றித் தெரியாதவர்களுக்கு: வளைகுடா நாடுகளில் லைசென்ஸ் கேட்கும்போது நம் டிகிரி, கவுன்சில் பதிவு, அனுபவச் சான்றிதழ் மூன்றையும் அந்த நிறுவனம்தான் சரிபார்க்கும். நாம் கொடுக்கும் நகலைப் பார்த்துவிட்டு விடுவதில்லை. யுனிவர்சிட்டிக்கும் கவுன்சிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நேரடியாகவே எழுதிக் கேட்பார்கள். துபாய், சவுதி, கத்தார், ஓமன் என எங்கே போட்டாலும் அநேகமாக அதே வாசல்தான்.

துபாய் ஹெல்த் அத்தாரிட்டிக்கு அப்போது இரண்டு வருட அனுபவம் வேண்டும். என்னிடம் இருந்தது பதினாறு மாதம். "எட்டு மாசம்தானே சிஸ்டர், அதை நான் பாத்துக்கறேன்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். பாதி புரிந்தது. மீதியைப் புரிந்துகொள்ளாமல் இருப்பது வசதியாக இருந்தது.

பத்து நாளில் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சேலத்தில் ஒரு நர்சிங் ஹோம். நான் அந்தத் தெருவில்கூட நடந்ததில்லை. 2016 ஆகஸ்ட் முதல் 2017 மார்ச் வரை என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) ஸ்டாஃப் நர்ஸாம் நான். என்ஐசியு! காலேஜ் போஸ்டிங்கில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இன்குபேட்டரைப் பார்த்ததோடு சரி. அதைவிடப் பெரிய ஓட்டை தேதியில் இருந்தது. நான் கவுன்சிலில் பதிவு செய்ததே 2017 பிப்ரவரியில்தான். பதிவே இல்லாதவள் ஆறு மாதம் எப்படி ஸ்டாஃப் நர்ஸாக இருந்திருக்க முடியும்? இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தெரிந்துவிடும். நான் வைத்துப் பார்க்கவில்லை.

பரீட்சைக்கு மட்டும் உண்மையாகப் படித்தேன். மருந்துக் கணக்கு, இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல், பார்மகாலஜி எல்லாம் மூன்று மாதம், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து. சென்னையில் ப்ரோமெட்ரிக் (லைசென்ஸுக்கான கம்ப்யூட்டர் பரீட்சை) எழுதினேன். பாஸ். அன்றைக்கு அம்மா வாங்கிய மைசூர்பாகில் ஒரு துண்டு அந்த ஆபீசுக்கும் போனது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகு, "ரிப்போர்ட் இன்னும் வரலை சிஸ்டர்." ஒரு மாதம், இரண்டு மாதம். நடுவில் திடீரென்று, "விசிட் விசாவில் போயிடுங்க, அங்கே போய் மாத்திக்கலாம்" என்றார். இங்கேதான் எனக்கு முதல் தடவை உறைத்தது. யுஏஇ உட்பட 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போக 2015 முதல் எமிகிரேஷன் கிளியரன்ஸ் (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு தரும் அனுமதி) கட்டாயம், பாஸ்போர்ட் இசிஎன்ஆர் (பொதுவாக அந்த அனுமதி தேவைப்படாத வகை) ஆக இருந்தாலும். கூடப் படித்தவள் சொல்லித்தான் இதுவும் தெரியும். கிளியரன்ஸ் வாங்கப் போனால் ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேட்பார்கள். இவரிடம் அது இல்லை. அதைத் தவிர்க்கத்தான் விசிட் விசா. அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடினேன். அந்தப் பெயரில் எதுவுமே இல்லை. பதிவு பெற்ற ஏஜென்டாக இருந்தாலும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்பதையும் அன்றைக்குத்தான் படித்தேன். மூன்றரை லட்சத்துக்கு ஆள் சேர்த்தவரை நான் "சார், சார்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

டேட்டாஃப்ளோ ரெஃபரன்ஸ் நம்பரை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் அந்த ஆபீஸ் ரிசப்ஷன் பெண்தான் பாவம் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே போனில் போட்டுப் பார்த்தேன். ரிப்போர்ட் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நெகட்டிவ். அப்படி ஒரு ஆள் எங்களிடம் வேலை பார்த்ததே இல்லை என்று சேலத்திலிருந்து பதில் போயிருக்கிறது. அவர்கள் மேல் தப்பே இல்லை.

இத்தனை நாள் எனக்கு ஏன் தெரியவில்லை என்றால், கணக்கைத் திறந்ததே அவருடைய மெயில் ஐடியில். பாஸ்வேர்டும் அவரிடம்தான். என் பெயர், என் பாஸ்போர்ட், சம்மதக் கடிதத்தில் என் கையெழுத்து. தபால் மட்டும் அவருக்கு. பொய்ச் சான்றிதழ் கொடுத்தவள் என்று பதிவாகியிருப்பது என் பெயர். அவர் பெயர் எங்கேயும் இல்லை.

ஒரிஜினல் சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்டதற்கு 40,000 கட்டச் சொன்னார். சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் போலீசில் மனு கொடுத்தோம். மறுநாளே கவர் வந்துவிட்டது. டிகிரி மேல் டீ கிளாஸ் வைத்த வட்டம். பணத்தில் 30,000 திரும்பி வந்தது, மிச்சம் வரவில்லை. சென்னையில் எமிகிரேஷன் அதிகாரி அலுவலகத்துக்கும் எழுதினேன். வங்கிப் பரிமாற்றமாகக் கொடுத்தது வெறும் 25,000. மற்றதெல்லாம் ரொக்கம், ரசீது கிடையாது. "எவிடன்ஸ் என்னம்மா வச்சிருக்கே?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

டேட்டாஃப்ளோவுக்கு அப்பீலும் போட்டேன், சேலம் கடிதம் என்னுடையது அல்ல என்று. ஆனால் அதைச் சமர்ப்பிக்கச் சம்மதித்து இருக்கும் கையெழுத்து என்னுடையதுதானே. ரிப்போர்ட் மாறவில்லை. திருச்சி ஆஸ்பத்திரியிலேயே திரும்பச் சேர்ந்தேன். உண்மையான அனுபவம் இப்போது ஆறு வருடத்துக்கு மேல். அந்த எட்டு மாதத்துக்கு எப்போதோ இங்கேயே இருந்து உழைத்திருக்கலாம்.

அந்த ஜூனியரிடம் கார்டை வாங்கி, இதில் பாதியைச் சொன்னேன். பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தாள். பிறகு வார்டு கம்ப்யூட்டர் வேண்டாம் என்று அவள் போனிலேயே டேட்டாஃப்ளோ தளத்தைத் திறந்தோம். பெயர், பிறந்த தேதி எல்லாம் போட்டாள். மெயில் ஐடி கேட்கும் இடத்தில் விரல் நின்றது.

"அக்கா, இங்கே சாரோட மெயில் போடணும்னு சொன்னாரே?"

"உன்னோடதைப் போடு."