லீப் சிகிச்சைக்கு முழு மார்க், அதற்குப் பிறகான கவனிப்புக்குப் பாதிதான்

பயாப்ஸியில் சி.ஐ.என். 2, அதாவது கர்ப்பப்பை வாய்ச் செல்கள் புற்றுநோய்க்கு முந்தைய நிலைக்கு மாறியிருக்கின்றன என்று வந்ததால், அப்படி மாறிய திசுவை வெட்டி எடுக்கும் லீப் சிகிச்சையை ஒரு மருத்துவமனையில் செய்துகொண்டேன். சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தத் திசுவை எடுத்துவிட்டார்கள், 15 நிமிடம்கூட ஆகவில்லை.

அங்கே இருந்த நர்ஸைத்தான் முதலில் பாராட்ட வேண்டும். 4 வாரம் வரை தண்ணீராகவோ பழுப்பாகவோ கசியும், நாப்கின் மட்டும் வையுங்கள், டாம்பான் வேண்டாம், தாம்பத்தியம் வேண்டாம், நீச்சலும் வேண்டாம் என்று பொறுமையாகச் சொன்னார். 10 நாள் வாக்கில் பொருக்கு உதிரும்போது ரத்தம் திடீரென்று கூடலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுக்க நனைந்தாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ வந்தாலோ உடனே கிளம்பி வந்துவிடுங்கள் என்றார். எனக்கு 11ஆம் நாள் ரத்தம் கூடத்தான் செய்தது. அவர் சொல்லியிருக்காவிட்டால் அன்றிரவு தூங்கியிருக்கவே மாட்டேன்.

அப்புறம்தான் பிரச்சினை. ரிப்போர்ட் வந்ததும் போனில் "நார்மல்தான்மா" என்று வைத்துவிட்டார்கள். எது நார்மல்? எடுத்த திசுவில் மாறிய செல்கள் இருக்கும் என்றுதானே எடுத்ததே! நமக்குத் தெரிய வேண்டியது, அதைவிடத் தீவிரமாக எதுவும் அதில் இருந்ததா, வெட்டிய ஓரங்களில் அந்தச் செல்கள் மிச்சம் இருக்கின்றனவா என்பது. நேரில் போய் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிய பிறகுதான் ஓரங்கள் சுத்தம் என்று தெரிந்தது.

செல்களை இப்படி மாற்றும் வைரஸான ஹெச்.பி.வி. இன்னும் இருக்கிறதா என்று 6 மாதத்தில் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்பதையும் யாரும் நினைவூட்டவில்லை, நானேதான் நாள் கணக்குப் பார்த்துப் போனேன். பெரும்பாலானவர்களுக்கு ஒரே சிகிச்சையில் சரியாகிவிடும், அது உண்மை. ஆனாலும் மற்றவர்களைவிடக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆபத்து 20 வருஷத்துக்கு மேலும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், வைரஸ் உடம்பில் தங்கிவிட்டால் செல்கள் மறுபடி மாறலாம். அதனால்தான் இந்த அலட்சியத்தை என்னால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதபோது டெஸ்ட் எடுக்க யாருக்குத் தோன்றும்? ஒரு மெசேஜ் போதும், அதைக்கூட அனுப்பவில்லை.

5க்கு 3 தருகிறேன், அதில் பாதி அந்த நர்ஸுக்கு. அங்கே போகிறவர்கள் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள், பின்னாளில் கர்ப்பமானால் லீப் செய்ததை அந்த டாக்டரிடமும் சொல்லுங்கள், ஆழமாக எடுத்திருந்தால் குறைப்பிரசவ வாய்ப்பு சற்றுக் கூடும்.

என் 6 மாத டெஸ்ட் நெகட்டிவ். அடுத்தது எப்போது என்று இந்த முறை டாக்டர் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.