கற்பனைச் சமூகம் எந்த மொழி பேசட்டும்?

படத்தில் வரும் கற்பனைச் சமூகத்தைப் பேசவைக்க மூன்று வழி உண்டு. முதல் வழி, புது மொழியே கட்டுவது. கிளிக்கி மொழியில் ‘மின்’ என்றால் நான், ‘நிம்’ என்றால் நீ. எதிர்ப்பொருள் வேண்டுமா, ஒலியைத் திருப்பிப் போடு. ‘பாகுபலி’யின் (2015) காலகேயர்களுக்காக மதன் கார்க்கி சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் வைத்துக் கட்டிய மொழி இது. விதி இருப்பதால் படப்பிடிப்பில் வசனம் மாறினாலும் சமாளிக்கலாம். ஆனால் பார்ப்பவருக்கு எட்டுவது ஒலியின் முரட்டுத்தனம் மட்டுமே. அவர்கள் எப்படிப்பட்ட கூட்டம் என்பதை உடையும் ஒப்பனையும்தான் சொல்கின்றன.

நடிகர்கள் பாடு இன்னும் சிரமம். எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் எடுத்த ‘இன்குபஸ்’ (1966) படத்தில் வசனத்தை ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார்கள். மொழி தெரிந்தவர்கள் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். யாருக்கும் தெரியாத மொழியென்றாலும் அழுத்தம் தப்பான சொல்லில் விழுந்தால் காது கண்டுபிடித்துவிடும். காட்சியை முதலில் தமிழில் நடிக்கவைத்து, மூச்சு நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அதன் மேல் புதுச்சொற்களை ஏற்றுங்கள்.

இரண்டாவது வழியான வெறும் உளறல் மலிவு. பிரெஞ்சுப் படமான ‘தெம்ராக்’ (1973) முழுக்க உறுமலும் முனகலும்தான், சப்டைட்டிலே தேவையில்லை. ஆனால் ‘நேற்று’, ‘இல்லை’, ‘ஒருவேளை’ மூன்றையும் உறுமிக் காட்ட முடியாது. தமிழ் நடிகர் உளறினால் தமிழ் ராகமே வரும் என்பது தனித் தலைவலி.

குறும்படத்துக்கு என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: தெரிந்த சொல், தப்பான பொருள். யோர்கோஸ் லாந்திமோஸின் கிரேக்கப் படம் ‘டாக்டூத்’ (2009), பிள்ளைகளை வீட்டு மதிலுக்குள்ளேயே அடைத்து வளர்க்கும் பெற்றோரின் கதை. ஒலிநாடாப் பாடத்தோடு தொடங்குகிறது. கடல் என்றால் மரக்கை வைத்த தோல் நாற்காலி. பொருள் சொன்ன கையோடு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். பிறகு சாப்பாட்டு மேசையில் மகள் தொலைபேசியைக் கேட்கிறாள், அம்மா உப்புக் குப்பியை நீட்டுகிறாள். விளக்கமே இல்லை. மதிலுக்கு வெளியே இருப்பதைக் குறிக்கும் சொற்களைத்தான் பெற்றோர் பிடுங்கிக்கொள்கிறார்கள். அந்த வீட்டின் அதிகாரம் முழுக்க அந்தத் தேர்வில் இருக்கிறது.

இருபது நிமிடப் படத்துக்கு எட்டுச் சொல் தாராளம். கண்ணில் படும் பெயர்ச்சொற்களாகவே எடுங்கள். வினைச்சொல்லை மாற்றினால் வாக்கியமே குழம்பும். முதல் தடவை பொருள் சட்டகத்துக்குள் இருக்கட்டும், அடுத்த தடவை சொல் மட்டும் போதும். சொற்பட்டியலைச் சப்டைட்டில் எழுதுபவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். நல்லெண்ணத்தில் ‘கடல்’ என்பதை ‘நாற்காலி’ என்று அவர் திருத்திவிட்டால் படம் காலி.