டிசம்பரில் பாஸ்டோன், ஜனவரியில் ஃபுவா, பிப்ரவரியில் சால்ம்: ஆர்டென் போர்க்கள நடைகள் மூன்றின் ஒப்பீடு

இரண்டாம் உலகப் போரில், 1944 டிசம்பர் 16 அதிகாலை பெல்ஜியம், லக்சம்பர்க் எல்லைக் காடுகளில் ஜெர்மானியத் தாக்குதலோடு தொடங்கி 1945 ஜனவரி 25 வரை நீடித்த ஆர்டென் போரில், அமெரிக்கத் தரப்பில் மட்டும் ஏறத்தாழ 19,000 வீரர்கள் உயிரிழந்தனர். அந்தப் போர் நடந்த அதே குளிரில் அதே பாதைகளில் நடந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்று முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன. டிசம்பர் நடுவில் பாஸ்டோன் நகரைச் சுற்றி நடக்கும் பெரிய நினைவு நடை ஒன்று. பிப்ரவரி கடைசியில் வடக்கே சால்ம் ஆற்றுப் பகுதியில் அமெரிக்காவின் 82ஆம் வான்குடை டிவிஷனின் தடத்தில் நடக்கும் நடை மற்றொன்று. எந்த நிகழ்ச்சியிலும் சேராமல் ஜனவரியில் ஃபுவா கிராமத்துக் காட்டுக்குத் தனியே போய் வருவது மூன்றாவது. தூரத்தையும் வசதியையும் வைத்து இவற்றை ஒப்பிடுவதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் எந்த மாதத்தில் நடக்கிறோம் என்பதைப் பொறுத்து, போரின் எந்தப் பகுதியை நினைவுகூர்கிறோம் என்பதே மாறிவிடுகிறது என்பதால், நான் மாதத்திலிருந்து தொடங்குகிறேன்.

டிசம்பர் நடை நினைவுகூர்வது முற்றுகையை. ஏழு சாலைகள் கூடும் பாஸ்டோனைப் பிடிக்காமல் ஜெர்மானியப் படைகள் மேற்கே எளிதாக முன்னேற முடியாது என்பதால், பிரான்சின் மூர்மெலோன் முகாமில் ஓய்விலிருந்த அமெரிக்காவின் 101ஆம் வான்குடை டிவிஷனை, போதுமான குளிருடைகூட இல்லாத நிலையில், லாரிகளில் ஏற்றி அவசரமாக அனுப்பினார்கள். வான்குடையில் குதிப்பதற்கென்றே பயிற்சி பெற்ற அவர்கள் லாரியில் வந்து இறங்கிய மறுநாளே நகரைச் சுற்றிலும் எதிரிப் படைகள் சூழத் தொடங்கின. டிசம்பர் 22 அன்று சரணடையச் சொல்லி வந்த கடிதத்துக்கு, டிவிஷனைப் பொறுப்பில் வைத்திருந்த ஜெனரல் மெக்காலிஃப் ‘நட்ஸ்!’ என்று ஒரே சொல்லில் பதில் எழுதினார். அந்தக் கொச்சைச் சொல்லின் பொருள் ஜெர்மானிய அதிகாரிகளுக்குப் பிடிபடாததால், ‘நாசமாய்ப் போங்கள்’ என்பதே அதன் பொருள் என்று, பதிலைக் கொண்டுபோன கர்னல் விளக்க வேண்டியிருந்தது. மறுநாள் மூட்டம் விலகியதும் 241 விமானங்கள் உணவையும் குண்டுகளையும் வானிலிருந்து போட்டன. 26 அன்று பிற்பகல், அமெரிக்க ஜெனரல் பேட்டனின் படையைச் சேர்ந்த டாங்கிகள் அசெனுவா கிராமத்தின் வழியே வந்து முற்றுகையை உடைத்தன.

தொடக்கமும் நடுவும் நல்ல முடிவும் உள்ள இந்தக் கதையை ஊரும் அப்படியே கொண்டாடுகிறது. பழைய ஜீப்புகளும் லாரிகளும் தெருவில் ஓடுகின்றன; அக்காலச் சீருடையை ஓவர்கோட் பொத்தான் வரை பிசகாமல் அணிந்தவர்கள் கூட்டத்தில் நடக்கிறார்கள்; நகரமன்றத்தின் மாடத்திலிருந்து, மெக்காலிஃபின் அந்தச் சொல்லை நினைவூட்டும் வகையில், வால்நட் கொட்டைகளை மக்கள்மீது அள்ளி வீசுகிறார்கள். வால்நட் சந்தை போருக்கு முன்பிருந்தே இந்த ஊருக்கு உண்டு என்பதால், ஒரு தளபதியின் கொச்சைச் சொல் பழைய வழக்கம் ஒன்றின்மேல் பொருத்தமாக வந்து உட்கார்ந்துகொண்டது. இதை வேடிக்கை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விடுவிக்கப்பட்ட ஊர் ஒன்றின் நன்றியுணர்ச்சி எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் எப்படி இருக்கிறது என்பதை நேரில் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

குறை என்னவென்றால், பெருங்கூட்டத்தில் நடக்கும்போது நிலம் கண்ணில் படுவதில்லை. முன்னே நடப்பவரின் முதுகையும், பல நூறு காலணிகள் மிதித்துக் குழைத்த சேற்றையும் பார்த்தபடியே கிலோமீட்டர்கள் கழிந்துவிடுகின்றன. முதல் முறை போனபோது, பதுங்குகுழிகள் இருந்த காட்டோரத்தைக் கவனிக்காமலே கடந்துவிட்டு, மாலையில் வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. அதோடு, டிசம்பர் நடுவில் அங்கே பொழுது விடிவதே காலை எட்டரை மணிக்கு. மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நடை முடிந்த பிறகு வேறு இடங்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு பலிப்பதில்லை.

ஜனவரி நினைவூட்டுவது வேறொன்று. முற்றுகை உடைந்ததும் போர் முடிந்துவிடவில்லை. காப்பாற்றிய ஊரிலிருந்து வெளியே வந்து, சுற்றியிருந்த கிராமங்களை ஒவ்வொன்றாகத் தாக்கிப் பிடிக்கும் வேலை அதே 101ஆம் டிவிஷனின் தலையில் விழுந்தது. ஜனவரி 13 அன்று ஃபுவாவும், அதற்கு இரண்டு நாள் கழித்து நோவீலும் கைக்கு வந்தன. அதுவரை வாரக்கணக்கில் அவர்கள் கிடந்த இடம் ஃபுவாவுக்கு அருகிலுள்ள புவா ஜாக் காடு. அங்கே தோண்டிய குழிகள் இன்றும் இருக்கின்றன. அவற்றை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகவே இருக்கும்: ஊசியிலைச் சருகு மூடிய, முழங்கால் ஆழம்கூட இல்லாத பள்ளம், அடியில் கொஞ்சம் உறைந்த நீர், அவ்வளவுதான். ஆனால் அதன் விளிம்பில் குந்தி, வயல்வெளிக்கு அப்பால் தெரியும் ஃபுவாவின் வீட்டுக்கூரைகளைப் பார்த்தால், எதிரி எவ்வளவு அருகில் இருந்தான் என்பதும், அந்த வயலை நடந்து கடக்கச் சொன்ன உத்தரவு எப்படிப்பட்டது என்பதும் விளங்கிவிடும். குழிக்குள் இறங்குவதும், கரையை மிதித்துச் சரிப்பதும், உலோகம் தேடும் கருவியோடு அலைவதும் கூடாது. கடைசியாகச் சொன்னதற்கு அங்கே அரசு அனுமதி தேவை.

அங்கிருந்து நடந்தே போகும் தொலைவில் ரெகோன் ஜெர்மானியக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. குட்டையான கற்சிலுவைகளின் வரிசைகளில் 6,800-க்கும் மேற்பட்டவர்கள் அடக்கமாகியிருக்கிறார்கள். பலரின் வயது இருபதைத் தாண்டவில்லை. இந்த இடத்தையும், நகரின் வடகிழக்கு ஓரத்தில், இறந்தும் காயமுற்றும் காணாமலும் போன 76,890 அமெரிக்கர்களை நினைவுகூர நட்சத்திர வடிவில் எழுப்பிய மார்தாசோன் நினைவுச்சின்னத்தையும் ஒரே நாளில் பார்ப்பது, தனியே போகிறவருக்கு மட்டும் வாய்க்கும் அனுகூலம். தனி நடையின் குறைகளை அதிகம் விரித்துச் சொல்லத் தேவையில்லை: வழி காட்ட ஆளில்லை, வழுக்கி விழுந்தால் தூக்க ஆளில்லை, சூடாக எதுவும் கிடைக்காது. இதையே டிசம்பரில் செய்ய நினைப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்டோபர் தொடங்கி டிசம்பர் முடிய, பெல்ஜியத்தின் தென்பகுதியான வலோனியாவின் காடுகளில் வேட்டைப் பருவம். சிவப்பு அறிவிப்புத் தாள் தொங்கும் பாதையில் அன்றைக்குக் கால் வைக்கக்கூடாது.

மாத வரிசையில் மூன்றாவதான சால்ம் பகுதி நடையைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கு அதன்மேல்தான் சாய்வு. ஜேம்ஸ் கேவின் தலைமையிலான 82ஆம் வான்குடை டிவிஷன் இங்கே சால்ம் ஆற்றங்கரையைப் பிடித்து வைத்திருந்தது. போர்முனை மிகவும் நீண்டுவிட்டது என்று கருதிய பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியின் உத்தரவின்படி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, தோற்காமலே அந்த நிலத்தை விட்டுப் பின்வாங்கியது. அதே மலைமுகடுகளை ஜனவரி 3 முதல் பனிக்குள் நடந்து மறுபடி பிடிக்க வேண்டியிருந்தது. தியே-துய்-மோன் முகட்டை 508ஆம் ரெஜிமெண்ட் ஜனவரி 7 அன்று பிடித்தது. அதே நாளில் ரோஷ்லவால் கிராமத்தைத் தாக்கிய 551ஆம் வான்குடை பட்டாலியன், தாக்குதலின் தொடக்கத்தில் சுமார் 640 பேரோடு இருந்து, சில நாட்களில் 110 பேராகச் சுருங்கியது. அதன் தளபதி கர்னல் ஜோர்க் அங்கேயே மாண்டார். பிறகு பட்டாலியனையே கலைத்து, மிஞ்சியவர்களை வேறு அணிகளில் சேர்த்துவிட்டார்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் படையணிப் பாராட்டு அவர்களுக்கு வந்தபோது ஆண்டு 2001.

மேலிருந்து வீசக் கொட்டையோ, மேற்கோள் காட்ட ஒற்றைச் சொல்லோ இந்தக் கதையில் இல்லை. இங்கே நடப்பவர்கள் குறைவு, ஏற்றம் அதிகம். பாஸ்டோனைச் சுற்றியுள்ள மேட்டுநிலத்தில் நடக்கும் பழக்கம் மட்டும் உள்ளவர்களுக்கு சால்ம் பள்ளத்தாக்கின் செங்குத்தான சரிவுகள் மூச்சிரைக்க வைக்கும். அந்த மூச்சிரைப்பு பாடமாகிறது. ஒரு முகட்டை விட்டு இறங்கச் சொன்னவர்கள் எதைக் கைவிடச் சொன்னார்கள் என்பது ஏறிப் பார்த்தால்தான் தெரிகிறது. பிப்ரவரி கடைசியில் மாலை ஆறு மணி வரை வெளிச்சம் இருப்பதும் சாதாரண வசதியன்று. மாறாக, பனி இருக்கும் என்ற உத்தரவாதம் எந்த மாதத்துக்கும் கிடையாது. மூன்றிலும் சேறுதான் நிச்சயம்.

பயணத்தைப் பொறுத்தவரை பாஸ்டோனுக்கு ரயில் கிடையாது; லிப்ராமோன் வரை ரயிலில் வந்து பேருந்து மாற வேண்டும். டிசம்பர் நடையின் வார இறுதியில் தங்கும் அறைகள் மிக முன்னதாகவே நிரம்பிவிடுகின்றன. சால்ம் பகுதிக்கு ட்ருவா-போன், வியல்சால்ம் ஆகிய இரு ஊர்களிலும் ரயில் நிற்கிறது, ஆனால் நடை தொடங்கும் கிராமம் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால் காரில்லாமல் சிரமம்.

வயதான பெற்றோரோடோ பிள்ளைகளோடோ போகிறவர்களுக்கு டிசம்பரைத்தான் சொல்வேன். வேண்டிய தூரத்தைத் தேர்ந்துகொள்ளலாம், களைத்தால் ஊர் அருகிலேயே இருக்கிறது. போரைப் பற்றி ஏற்கெனவே படித்தவர்கள் பிப்ரவரியில் போகட்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் வாய்க்கும் என்பவர்கள், டிசம்பர் நடைக்கு முந்தைய நாளே வந்து, விடிந்ததும் ஃபுவாவையும் ரெகோனையும் கூட்டமில்லாமல் பார்த்துவிட வேண்டும். அன்று மாலை பாஸ்டோனில் நெஃப்ஷாத்தோ தெருவுக்கும் போகலாம். டிசம்பர் 24 இரவு விழுந்த குண்டில் செவிலியர் ரெனே லெமேரும், காயம்பட்டுப் படுத்திருந்த வீரர்கள் பலரும் இறந்தது அந்தத் தெருவில்தான். பக்கத்துக் கட்டடத்தில் இருந்து உயிர்தப்பிய கங்கோ வம்சாவளிச் செவிலியர் ஆகுஸ்தா ஷிவியின் பெயர் பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமலே இருந்தது. அவர் 2015 வரை வாழ்ந்தார்.