விபி6 கைகளுக்கு விஷுவல் ஸ்டுடியோ 2022 கம்யூனிட்டி: ஒரு மதிப்பீடு

விபி6 (மைக்ரோசாஃப்டின் பழைய விஷுவல் பேசிக் 6 மொழி) எழுதும் கருவிக்கான ஆதரவு 2008 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அதில் எழுதிய பில்லிங், ஸ்டாக், சம்பளப் பட்டியல் எல்லாம் விண்டோஸ் 11-இலும் ஓடுகின்றன என்பது வேறு விஷயம். அந்த அனுபவத்தோடு சி ஷார்ப்புக்கு (மைக்ரோசாஃப்டின் இன்றைய மொழி) மாறுபவர் காசு செலவில்லாமல் தொடங்க, நிரல் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டியைவிட நல்ல கருவி இல்லை. தனி ஆளுக்கு இலவசம்; எழுதிய மென்பொருளை விற்கவும் தடையில்லை. ஆனால் 250 கணினிக்கு மேலோ, ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்கு மேலோ உள்ள நிறுவனத்தின் அன்றாட வேலைக்கு இந்தப் பதிப்பு செல்லாது.

நிறுவும்போது டாட்நெட் (சி ஷார்ப் ஓடும் தளம்) டெஸ்க்டாப் டெவலப்மென்ட் ஒன்றை மட்டும் டிக் செய்தால் போதும். 8 ஜிபி ராமில் மூச்சு வாங்கும், 16 இருந்தால் நிம்மதி. பிழை தேட எஃப்8 அழுத்தி வரிவரியாகப் போய்ப் பழகியவர்கள் கீபோர்டு அமைப்பில் விஷுவல் பேசிக் 6 என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். பழகிய மொழி என்று விபி டாட்நெட் (விபியின் டாட்நெட் வடிவம்) பக்கம் ஒதுங்க வேண்டாம். அதில் புது வசதிகள் பெரிதாக வருவதில்லை.

பழைய புராஜெக்டை அப்படியே திறக்கலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். விபி6 புராஜெக்டை மாற்றித் தரும் விஸார்டை 2010 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். 2022 பதிப்பு 64 பிட், ஃப்ளெக்ஸ்கிரிட் (அட்டவணை காட்டுவது) போன்ற ஓசிஎக்ஸ்கள், அதாவது விபி6-இன் துணைக் கட்டுப்பாடுகள், 32 பிட்; ஃபார்ம் வரையும் டிசைனரில் இயல்பாக ஏறாது. டாட்நெட்டின் அட்டவணைக் கட்டுப்பாடான டேட்டாகிரிட்வியூவில் புதிதாகக் கட்டுவதே நல்ல வழி.

ஃபார்ம், பட்டன், கிளிக் என்று எல்லாம் பழைய முகத்தோடு இருப்பதுதான் இதன் பலம், ஆபத்தும் அதுதான். கம்பைலர் (கோடை இயங்கும் நிரலாக்குவது) பிழை என்று வாயே திறக்காத இடங்களில்தான் கணக்கு தப்பும். விபி6-இல் முழு எண்ணாக மாற்றும் சிஇன்ட் 3.7-ஐ 4 ஆக்கும். சி ஷார்ப்பில் இன்ட் என்று காஸ்ட் (வகை மாற்றம்) செய்தால் தசமம் வெட்டுப்பட்டு 3 வரும். கன்வெர்ட் வகுப்பின் டூஇன்ட்32 போட்டால் பழைய விடையே கிடைக்கும் (2.5-க்கு இரண்டிலும் 2தான்). விபி6-இன் பண வகையான கரன்சிக்கு டெசிமல் வையுங்கள், தோராயமாகச் சேமிக்கும் டபுள் வேண்டாம். விபி6-இல் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆர்கியூமென்ட் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு) பைரெஃப், அதாவது உள்ளே மாற்றினால் வெளியேயும் மாறும். சி ஷார்ப்பில் ரெஃப் என்று எழுதாவிட்டால் ஃபங்ஷனுக்குள் கூட்டிய மொத்தம் வெளியே வராது. பழைய இன்டிஜர் 2 பைட், எனவே ரெக்கார்டு ஃபைலில் அந்தப் புலத்தை 2 பைட் வகையான ஷார்ட்டாகப் படிக்க வேண்டும். இன்ட் போட்டால் 4 பைட் போய், அடுத்த புலம் எல்லாம் நகர்ந்துவிடும்.

தமிழ் டேட்டா இருந்தால் இன்னும் கவனம். யூனிகோடுக்கு முந்திய பாமினி, டாம் எழுத்துருவில் தட்டிய பெயர்கள் ஆன்சி (எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய முறை) பைட்டுகளாகக் கிடக்கும். இன்றைய டாட்நெட் ஃபைலை யுடிஎஃப்-8 (யூனிகோடு சேமிப்பு முறை) என்று எண்ணிப் படிக்கும். 127-க்கு மேற்பட்ட பைட்டுகள் பெரும்பாலும் கேள்விக்குறிக் கட்டமாகும். அதை அப்படியே சேமித்தால் பெயர் போனது போனதுதான். பழைய எழுத்து முறைகளைப் படிக்க உதவும் கோட்பேஜ் புரொவைடரைக் கோடில் பதிவு செய்து, விண்டோஸின் 1252 என்ற முறையில் படித்து, பிறகு அந்த எழுத்துருவுக்குரிய அட்டவணைப்படி யூனிகோடாக மாற்ற வேண்டும். முதலில் ஃபைலை நகல் எடுங்கள்.

உள்ளேயே இருக்கும் கிட் (கோடு மாற்றங்களைப் பதிந்து வைப்பது), எக்ஸ்யூனிட் (கோடைச் சோதிக்கும் டெஸ்ட் எழுதுவது) இரண்டையும் முதல் வாரமே தொடங்கிவிடுங்கள். பழைய மென்பொருளின் ஒரு மாத பில்களை டெஸ்ட்டில் கொடுத்து, பைசா வரை ஒத்துப்போகிறதா என்று ஓட்டுங்கள். இன்டர்வியூவில் காட்ட, கிட்டில் சேரும் அந்த ரெப்பாசிட்டரியே (கோடுத் தொகுப்பு) கைகொடுக்கும். வாடிக்கையாளர் பெயர்களை மட்டும் அதில் ஏற்றிவிடாதீர்கள்.